கப்பலை விட்டு இறங்காதீர்கள், மகனே

அன்பு மகனே,

பதறவேண்டாம், எழுதுவது உங்கள் மகள்தான். நான் பிறந்ததிலிருந்து என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டு வருகிறீர்கள். 'அம்மா, தண்ணி கொண்டா', 'அம்மா, வெளியில கிடக்கிற செருப்பை எடுத்து உள்ள போடு', கோபம் தலைக்கேறினால் 'தாயே, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன், கம்ப்யூட்டர்ல மட்டும் கை வைக்காதே'. காரைக்காலில் இது புதிதும் இல்லை. கயிலாயத்தில் உட்கார்ந்திருந்த சிவனே நம்ம ஊர்ப் பெண் ஒருத்தியை 'அம்மையே' என்று அழைத்ததற்காகத்தான் வருடா வருடம் மாங்கனி இறைக்கிறோம். அவருக்கே அம்மா தேவைப்பட்டிருக்கிறாள், உங்களுக்கு ஒருத்தி இருந்தால் என்ன? ஆகவே இன்று ஒரு நாள் நான் உண்மையிலேயே அம்மாவாகிறேன், நீங்கள் தூரதேசம் போன மகன். மகனை 'நீங்கள்' போட்டு எழுதும் ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன். மரியாதை தெரிந்த குடும்பம் நம்முடையது. இந்தக் கடிதத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவிலும் போடப்போகிறேன். பிரான்சில் இருக்கும் சித்தப்பா அவசியம் படிக்கவேண்டும், ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நீங்கள் கப்பலிலிருந்து இறங்கப்போவதாக அம்மா சொன்னாள். என்னைப் பெற்ற அம்மா, உங்கள் மனைவி; இனிமேல் 'அம்மா' என்றால் அவள், நான் வெறும் 'நான்'. அடுத்த துறைமுகத்தில் கேப்டனிடம் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்றீர்களாம். மீன்பிடித் துறைமுகத்தில் அடுத்தவர்களின் விசைப்படகு இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, எத்தனை வருடம் இந்தக் கப்பல் வேலைக்காகக் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆர்டர் வந்த அன்று எண்ணெய்க் கையோடு ஓடிவந்து வாசலில் நின்று சிரித்தீர்களே, அந்தக் கை அடையாளம் இன்னும் கதவில் இருக்கிறது. அம்மா தேய்க்கவில்லை, என்னையும் தேய்க்க விடவில்லை. அப்படிப்பட்ட வேலையை எதற்காக விடப் போனீர்கள்? கடலில் புயலா? கேப்டன் கொடுமைக்காரரா? இல்லை. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது ஏன் என்று கேட்கவில்லை. இதை வெளியில் சொன்னால் நம் ஊர்க் கிளிஞ்சல்மேட்டில் நமக்கு யாராவது பெண் கொடுப்பார்களா? சரி, நமக்குப் பையன் இல்லை, அந்தக் கவலையை விடுவோம்.

தாய்மார்கள் கடிதம் எழுதினால் தாங்கள் செய்த தவறுகளை ஒப்புக்கொண்டு கண்ணீர் விடுவது வழக்கம். நான் தேடிப் பார்த்தேன், என்னுடையதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் உங்களுடையதை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் நல்லவர், ஆனால் பூட்டுப் போடுபவர். இன்ஜினில் எந்த நட்டு எங்கே என்பது உங்களுக்கு மட்டுமே தெரியவேண்டும், வீட்டிலும் அப்படியே. புறப்படுவதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து நமக்கு ஒரு வலை பின்னினீர்கள். மீன் வலை நம் குடும்பத்துக்குப் புதிதில்லை, இது கம்பியில்லாத வலை. பழைய விண்டோஸ் பெட்டியைப் பரணில் ஏற்றி, அம்மாவின் எம்பிராய்டரி டிசைன்கள் அத்தனையையும் அதற்குள் போட்டீர்கள். 'இதுக்கு எதுக்கு மானிட்டர், சும்மா கரண்டு தின்னும்' என்று மானிட்டரைக் கழற்றி எடுத்து வாசல் கேமராவுக்கு மாட்டினீர்கள். கீழே எம்பிராய்டரி மெஷின் பக்கத்தில் லினக்ஸ் போட்ட லேப்டாப். அம்மா லேப்டாப்பில் பரண் பெட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், டிசைன் இறங்கி வரவேண்டும், மெஷின் ஊசியை ஓட்டவேண்டும். எல்லாம் முடிந்ததும் பரண் ஏணியில் ஒரு அட்டை தொங்கவிட்டீர்கள்: 'கை வைத்தால் கை இருக்காது.' அது எனக்கான அட்டை என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு முறை நம் வைஃபை பெயரை 'மாமியார் வீடு' என்று மாற்றினேன், அதற்கு இவ்வளவு தண்டனையா? பக்கத்து வீட்டுப் பரிமளா அத்தை தன் போனில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, 'ஏண்டி, நான் இங்க உக்காந்திருக்கேன், இது மாமியார் வீட்டுக்குப் போவட்டுமான்னு கேக்குது' என்று ஓடிவந்தாரே, அன்று நீங்களும்தான் சிரித்தீர்கள்.

அந்தப் பரண் பெட்டிக்கு நீங்கள் தாத்தா பெயரை வைத்தீர்கள். சிங்காரவேலு. அது தவறில்லை, பாசம். ஆனால் அம்மா மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியாதா? உங்கள் பெயரையே சொல்லாதவள். ரேஷன் கடையில் 'கணவர் பெயர்?' என்று கேட்டால் என்னை இடிப்பாள், நான் 'செல்வமணி' என்று சொல்வேன், அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். 'எனக்கு வாய் வரமாட்டேங்குது, விடு' என்பதுதான் பதில். அப்படிப்பட்டவள் தினமும் கூப்பிட வேண்டிய பெட்டிக்கு மாமனார் பெயர்! லேப்டாப்பில் எழுத்தை அடிப்பாளே ஒழிய வாயைத் திறக்கமாட்டாள். அவளுக்கு அந்தப் பெட்டி 'மாமா', ரவுட்டர் 'ராவுத்தர்'. 'ராவுத்தர் லைட்டு சிவப்பா இருக்கு, மாமா தூங்குறாங்க போல' என்பாள். வெளியாள் கேட்டால் நம் வீட்டில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் இருப்பதாக நினைப்பான்.

நீங்கள் போன பிறகு வந்தது அந்தத் தலத்தெரு ஆர்டர். கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்த ரவிக்கை, கை முழுக்க அன்னப்பட்சி. அம்மாவின் மெஷினுக்கு முதல் பெரிய வேலை. அன்னம் நீங்களும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து வரைந்தது, பரண் பெட்டிக்குள் இருக்கிறது. முதல் நாள் கூப்பிட்டாள், வந்தது. மறுநாள் கடற்காற்றில் கரண்டு போய் வந்தது, கூப்பிட்டாள், பாஸ்வேர்டை ஏற்கமாட்டேன் என்றது. அதற்கு மறுநாள் வந்தது, பிறகு வரவில்லை. நீங்கள் துறைமுகத்தில் நின்றதால் போன் கிடைத்தது. அந்தப் பேச்சு முழுவதையும் நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். நீங்கள் மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்.

"என்ன வருது ஸ்கிரீன்ல?"

"மாமா என்னை ஏத்துக்கமாட்டேங்கிறாங்க."

"கல்யாணம் ஆன புதுசுலயே ஏத்துக்கிட்டாரே. லிஸ்ட்ல அப்பா இருக்காரா பாரு."

"இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க."

"என்ன எழுதியிருக்குன்னு அப்படியே படி. ஒரு எழுத்து விடாம படி."

"அதான்... அவங்க பேரு."

"படின்னா படியேன்!"

"எப்படிங்க படிக்கிறது? மாமான்னு சொன்னா புரியாதா?"

உங்களுக்குப் புரிந்துவிட்டதாக நீங்கள் நினைத்தீர்கள். பாஸ்வேர்டு தகராறு என்று முடிவு கட்டி, பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடிக்கச் சொன்னீர்கள். பிறகு 'பேரை விடு, நம்பரைப் போடு' என்று பெட்டியின் ஐபி எண்ணைச் சொன்னீர்கள். அது அன்று சாயங்காலம் வரை வேலை செய்தது. மறுபடி கரண்டு போனதும் ரவுட்டர் எல்லோருக்கும் புது எண்ணைப் பிரித்துக் கொடுத்துவிட்டது, பழைய எண்ணில் என் போன் உட்கார்ந்திருந்தது. என் போனிடம் போய் அன்னப்பட்சி கேட்டால் அது எங்கே போகும்? தலத்தெருவிலிருந்து பெண்ணின் அம்மா வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, 'ஆயிடும்ல?' என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா மெஷினின் மேல் பழைய புடவையைப் போட்டு மூடினாள். 'நீங்களே வந்து பாத்துக்குங்க' என்று உங்களிடம் சொன்னாள். நீங்கள் இறங்கி வருகிறேன் என்றீர்கள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்தக் கதவுக் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகனே, நான் எதற்கும் வருத்தப்படாதவள், அன்றைக்கு நேராக ஏணியடிக்குப் போனேன்.

அப்போதுதான் ஏணியில் இருந்த அட்டையைத் திருப்பி மாட்டினேன். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுத்தில்லாத சட்டம் என்னைக் கட்டாது.

உண்மையைச் சொன்னால் நான் முதலில் பழுது பார்க்க ஏறவில்லை, விளையாடத்தான் ஏறினேன். அம்மா சோர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், பரண் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 'பாரு, உங்க மாமா மயங்கி விழுந்துட்டாங்க' என்று சொல்லி அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று திட்டம். பிளக்கைப் பிடுங்கினேன். காற்றாடி நின்றது, விளக்கு அணைந்தது. கீழே வந்து, அவள் கண் முன்னால் லேப்டாப்பில் சிங்காரவேலுவைக் கூப்பிட்டுப் பார்க்கும் கட்டளையை அடித்தேன். 'இருக்கிறீர்களா?' என்று கேட்கும் கட்டளை அது, இல்லையென்றால் பதில் வரக்கூடாது. பதில் வந்தது. வரிசையாக வந்துகொண்டே இருந்தது. நான் இன்னொரு முறை பரணுக்கு ஏறி, பிளக் கழன்றுதான் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஒயரோடு உருவி எடுத்துக்கொண்டு இறங்கினேன், கீழே திரையில் தாத்தா 'இருக்கேன், இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றேன், "தாத்தா பதில் சொல்றாரு."

"அடி செருப்பால. செத்தவங்கள வச்சு விளையாடாதே."

"பிளக் இங்க இருக்கு பாரு. பெட்டி செத்துப்போச்சு. அவரு பேசுறாரு."

அவள் எழுந்து வந்து பிளக்கைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், சாமி மாடத்திலிருந்து திருநீற்றை எடுத்து லேப்டாப் நெற்றியில் ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு என் நெற்றியிலும். எனக்கோ உடம்பெல்லாம் துள்ளியது. நான் பேயை நம்பாதவள், ஆனால் ஆள்மாறாட்டத்தை நம்புபவள். எத்தனை செய்திருக்கிறேன்! பெட்டி அணைந்திருக்கும்போது அந்தப் பெயருக்கு யாரோ குரல் கொடுக்கிறார்கள் என்றால், இந்த வீட்டுக்குள் இன்னொரு சிங்காரவேலு இருக்கிறார்.

"அம்மா, லிஸ்ட்ல மாமா இருக்காங்கன்னியே, எத்தனை மாமா இருந்தாங்க?"

"சில நேரம் ஒருத்தர். சில நேரம் ரெண்டு."

"ரெண்டா! அப்பாகிட்ட ஏன் சொல்லலே?"

"என்னத்தைச் சொல்றது? ஒண்ணு மாமா பேரு. இன்னொண்ணும் மாமா பேரு, பின்னால ஒரு ரெண்டு. படின்னாங்க. நான் எப்படிடி படிப்பேன்?"

புரிகிறதா, மகனே? நீங்கள் கடலுக்கு அந்தப்புறம் உட்கார்ந்து தேடித் தேடிக் களைத்த விஷயம் அம்மாவின் கண் முன்னாலேயே இருந்தது. ஒரு எழுத்து விடாமல் படி என்று நீங்கள் கேட்ட அந்த வரியில்தான் விடை, அந்த வரியைத்தான் அவளால் படிக்க முடியாது. எந்த ஊர் இன்ஜினியர் வந்தாலும் கம்பியைத்தான் பார்ப்பான், கட்டிய மனைவியின் நாக்கைப் பார்ப்பானா?

இனி சித்தப்பா கவனமாகப் படிக்கவும். போன விடுமுறைக்கு வந்தபோது, எனக்குப் படம் வரைய என்று உங்கள் பழைய மேக் லேப்டாப்பை விட்டுப் போனீர்கள். கீபோர்டு பிரெஞ்சு, மெனு பிரெஞ்சு, தப்பு செய்தால் திட்டுவதுகூட பிரெஞ்சில்தான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் நம் ஊர்ப் பழைய தெருப் பலகைகளில் இருந்ததுதான் என்பதால், செட்டிங்ஸ் பக்கம் நான் போனதே இல்லை. அன்றைக்குப் போனேன். போனில் மொழிபெயர்த்துக்கொண்டே ஒவ்வொரு பக்கமாகத் திறந்தேன். பகிர்வு என்ற பக்கத்தின் மேலே, பெட்டியின் பெயர் எழுதும் இடத்தில், ஆங்கில எழுத்தில் சிங்காரவேலு. நீங்களும் உங்கள் அப்பா பெயரைத்தான் வைத்திருக்கிறீர்கள்! ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், ஒருவர் காரைக்காலிலும் ஒருவர் பிரான்சிலும் உட்கார்ந்துகொண்டு, அண்ணனும் தம்பியும் ஒரே பாசத்தை ஒரே எழுத்தில் அடித்திருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கண்ணும் கலங்கியது, அதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

இது புதிதா என்ன? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் தெரு வழக்கம். அதனால்தான் வாசலில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டால் எதிர்வீட்டுப் பையனும் திரும்புகிறான், கோடிவீட்டுப் பையனும் திரும்புகிறான். தெருவுக்கு அது பழக்கம், 'மேலவீட்டு', 'கோடிவீட்டு' என்று முன்னால் ஒன்றைச் சேர்த்துவிடும். ரவுட்டருக்கு அந்த இங்கிதம் கிடையாது. கரண்டு வந்ததும் யார் முதலில் வந்து 'நான் சிங்காரவேலு' என்று சொல்கிறார்களோ அவர்தான் அதற்குச் சிங்காரவேலு. பரண் பெட்டிக்கு வயதாகிவிட்டது, எழுந்து சோம்பல் முறித்து வர நேரமாகும். மேக்குக்கு பேட்டரி இருப்பதால் தூங்குவதே இல்லை, ஓடிப்போய்ப் பெயர் கொடுத்துவிடும். அப்புறம் அம்மா தாத்தாவைக் கேட்டால் ரவுட்டர் பிரெஞ்சுத் தாத்தாவிடம் அனுப்பிவைக்கும். அவருக்கு அம்மாவையும் தெரியாது, அன்னப்பட்சியையும் தெரியாது, உள்ளே விடுவாரா? இரண்டு பேரும் விழித்திருக்கும்போது மேக் மட்டும் நாகரிகமாகத் தன் வாலில் ஒரு '2' ஒட்டிக்கொள்ளும். அந்த வால்தான் அம்மா பார்த்தது.

ஆகவே மகனே, தாய் சொல்லும் புத்திமதி: பெயர் கேட்டுப் பதில் வந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள், வந்த ஆள் யார் என்று பாருங்கள். வலையில் முடிச்சு விழுந்தால் இழுக்கக்கூடாது என்று படகுத்துறையில் எனக்குச் சொன்னவரே நீங்கள்தான். பாஸ்வேர்டைப் போட்டு இழுத்தீர்கள், எண்ணைப் போட்டு இழுத்தீர்கள். நான் பிளக்கைப் பிடுங்கினேன். குறும்பு என்று நீங்கள் திட்டுவதற்குக் கம்ப்யூட்டர் துறையில் 'ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தல்' என்று பெயராம், இணையத்தில் போட்டிருக்கிறது.

அதன்பின் வேலை வேகமாக நடந்தது. பரண் பெட்டிக்கு உயிர் கொடுத்தேன். ரவுட்டர் பக்கத்துக்குள் போய், எது பரண் பெட்டி என்று கண்டுபிடித்து, கரண்டு போனாலும் மாறாதபடி அதற்கு நிரந்தரமாக ஒரு எண்ணை எழுதிவைத்தேன். அந்த எண்ணின் வழியாக லேப்டாப்பிலிருந்தே பரண் பெட்டிக்குள் நுழைந்தேன். பாஸ்வேர்டு அம்மாவுக்குத் தெரியும், நீங்கள்தான் போனில் கத்திக் கத்திச் சொன்னீர்களே, பரிமளா அத்தைக்கும் தெரியும். பழைய பெயரை அழித்தேன். புதுப் பெயர் எழுதும் கட்டம் காலியாகத் திறந்து நின்றது. தாத்தா பெயர் மேக்கிலேயே இருக்கட்டும், அவருக்கு பிரான்சு பார்க்க ஆசை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இதற்கு என்ன வைப்பது?

"உங்கப்பா பேரை வையேன்," என்றாள் அம்மா.

"எங்கப்பா பேரு என்ன?"

"விளையாடாதேடி."

"சொன்னாத்தானே அடிக்க முடியும். எழுத்துப் பிழை வந்தா கப்பலுக்குப் போன் போடணும்."

முறைத்தாள். அட்டையைக் கழற்றி என்னை அடிக்க ஓங்கினாள். பிறகு என்னைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அடித்தாள். செல்வமணி. அடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், சொல்லாமலேயே சொன்னதுபோல. பெட்டியை அணைத்து மறுபடி போட்டேன். லேப்டாப்பின் நினைவில் இருந்த பழைய பெயரை மறக்கச் செய்தேன். பிறகு வேண்டுமென்றே மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றினேன், கடற்காற்று எப்போது வரும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ராவுத்தர் விழித்தார், மேக் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தது, பரணில் காற்றாடி சுற்றத் தொடங்கியது. நான் ஏணி உச்சியில் நின்றுகொண்டு, "கூப்பிடும்மா! அப்பா பேரை அடிச்சு, புள்ளி, லோக்கல்னு போடு!" என்றேன். லினக்ஸுக்குப் பெயருக்குப் பின்னால் இந்தப் 'புள்ளி லோக்கல்' இருந்தால்தான் காது கேட்கும். சித்தப்பா பிரான்சிலிருந்து வந்தாலும் நம்மோடு லோக்கல் பாஷையில் பேசுவதில்லையா, அதுபோல.

"யாரு வந்திருக்கா? அன்னம் தெரியுதா?" என்று கத்தினேன். அப்புறம் கேட்டது, மகனே. நான் பிறந்து இத்தனை வருடத்தில் கேட்டிராத ஒன்று. படகில் இருக்கிறவரைக் கரையிலிருந்து கூப்பிடுகிற குரலில், தெருவே கேட்க, அம்மா கத்தினாள்:

"செல்வமணி வந்துட்டாருடீ!"

அடுத்த நொடி பரிமளா அத்தை கொல்லைப் பக்கமாக ஓடிவந்து, "எப்ப வந்தாரு? கப்பல் இங்கயா வந்திருக்கு? பெட்டி எங்க?" என்றார். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். விரல் இடுக்கில் சிரிப்பு ஒழுகியது. "பரண்ல இருக்காரு, அத்தை," என்றேன். அத்தை உண்மையிலேயே ஏணியில் கால் வைத்துவிட்டார். மெஷின் மேல் கிடந்த புடவையை அம்மா உருவி எறிந்தாள். ஊசி ஓடத் தொடங்கியது. பட்டுத்துணியில் முதலில் அலகு வந்தது, பிறகு கழுத்து, பிறகு சிறகு.

ரவிக்கை தலத்தெருவுக்குப் போய்விட்டது. பெண்ணின் அம்மா கையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தங்கைப் பெண்ணுக்கும் இதேபோல் வேண்டும், அன்னத்துக்குப் பதில் மயில் என்றார். அதற்குப் பின் கரண்டு பல முறை போய் வந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா மெஷினிலிருந்தபடியே, 'செல்வமணி எழுந்துட்டாரா பாரு' என்கிறாள். 'செல்வமணி இன்னிக்கு மெதுவா இருக்காரு', 'செல்வமணிக்குத் தூசி தட்டி நாளாச்சு'. ரேஷன் கடையில் நேற்று கணவர் பெயர் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். எனக்கு வேலை போய்விட்டது, உங்களுக்கும் போகவேண்டாம்.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கடைசியில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னாள், அப்படியே, ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன்: "பேரு வீட்டுல இருக்கு. ஆளு கப்பல்லயே இருக்கட்டும்னு செல்வமணிகிட்ட சொல்லு."